தலைவர் கோட்டுக்கு மூன்று கஞ்சி

கவலைப்படுகிறவனிடம் முக்கியமான வேலை எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் செய்துவிடுவான். செய்து முடித்த பிறகும் நிறுத்த மாட்டான் என்பதுதான் சிக்கல். கதவைப் பூட்டுவான், இழுத்துப் பார்ப்பான், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பான். கடைசியில் பூட்டு கையோடு வந்துவிடும். நான் அந்த ரகம். தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றுவிட்டேன். (வாத்தியார் பெயிலாக்கிவிடுவாரோ என்ற பயத்தில் அவரை முந்திக்கொண்டு நானே நின்றுவிட்டேன் என்பது சரியான விவரம்.)

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காஜா பேராங் வட்டாரத்தில் எனக்கு ஒரு டோபிக் கடை. முன்னால் தேய்க்கிற மேசை, பின்னால் துவைக்கிற தொட்டி, நடுவில் நானும் என் மனைவி பாக்கியமும் போட்டுக்கொள்ளும் சண்டை, அவ்வளவுதான் கடை. வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய வெள்ளைத் துணிகளும் போயின. அடுத்த மாதம் அடுப்பு எரியுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் சார்ஜன் முத்தையா வந்தார். போலீஸ் அதிகாரிகளின் மெஸ்ஸை மேற்பார்வை பார்த்தவர் அவர்.

"சிவலிங்கம், மெஸ் துணி மொத்தமும் ஒரே டோபிகிட்ட குடுக்கப் போறாங்க. ஒன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். மொதல்ல துவானோட வெள்ளை யூனிபாரம் ஒண்ணு தர்றேன். அது நல்லா வந்தா எல்லாம் ஒனக்கு. வரலன்னா முக்கத்துச் சீனர் கடைக்குப் போயிரும்."

துவான் என்றால் மலாயில் ஐயா; இங்கே எங்கள் மாநிலத்துப் போலீஸ் தலைவர். மலாய்க்காரர். வெள்ளைக்காரர் விட்டுப்போன பதவியில் புதிதாக உட்கார்ந்தவர்.

"எதுக்குண்ணே வெள்ளை யூனிபாரம்? கல்யாணமா?"

"கல்யாணம் இல்லடா, சங்கக் கூட்டம். தெக்கு மாநிலத்துப் போலீஸ் தலைவருங்க எல்லாம் சேந்து ஒரு சங்கம் வச்சிருக்காங்க. இந்த வருசம் நம்ம துவான்தான் அதுக்குத் தலைவரு. நம்ம நாட்டு ஆளு அந்த நாற்காலியில ஒக்கார்றது இதான் மொத தடவ."

"அப்ப மத்த மாநிலத்துப் போலீசுக்கெல்லாம் இவருதான் உத்தரவு போடுவாரா?"

சார்ஜன் சிரித்துவிட்டார். "அதான் முடியாது. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க ராஜா. சங்கத்துல எல்லாருக்கும் ஒரே மதிப்பு. வருசத்துக்கு ஒருத்தர் தலைவர் நாற்காலியில ஒக்காந்து எல்லாரையும் பேச விடணும், பேசிப் பேசி ஒத்துக்க வைக்கணும். ஒத்துக்கலன்னா டீயைக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டே இருப்பாங்க."

அப்படி ஒத்துக்கொள்ளாமலே ஆண்டுக்காண்டு தள்ளிப்போன விவகாரம் ஒன்று இருந்தது. திருடனைத் துரத்திக்கொண்டு போகும் போலீஸ்காரர் மாநில எல்லையில் நின்றுவிட வேண்டும். அந்தப் பக்கத்துத் தலைவருக்குச் சொல்லி அனுப்பி, அனுமதி வந்த பிறகுதான் தாண்டலாம். அதற்குள் திருடன் எதிர்ப்பக்கக் காப்பிக் கடையில் ரொட்டி தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பியிருப்பான். "என் எல்லைக்குள்ள நீ எப்படி வரலாம்" என்று ஒவ்வொரு தலைவரும் கேட்பாராம். இந்தத் தடவை இதை முடித்துக் காட்டினால்தான் துவானுக்கு மரியாதை என்றார் சார்ஜன்.

உத்தரவு போட முடியாத தலைவருக்கு மிச்சம் இருப்பது அவர் போட்டிருக்கும் கோட்டு மட்டும்தானே? ஆக, தென்பகுதியின் சட்டம் ஒழுங்கு மொத்தமும் என் கஞ்சிச் சட்டியில் வந்து விழுந்துவிட்டது.

கழுத்து வரை மூடுகிற தடித்த வெள்ளைக் கோட்டு, அதே துணியில் நீளக் காற்சட்டை. பித்தளைப் பொத்தான்களைக் கழற்றிவைத்துவிட்டுத் துவைத்தேன், நீலம் போட்டேன், மரவள்ளி மாவுக் கஞ்சி காய்ச்சித் தோய்த்துக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் அளவாக, அழகாக இருந்தது. புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான்.

பக்கத்து வீட்டு நாராயண பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வானத்தைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டிக்காரர். பெயர்தான் தமிழ், பேச்சு முழுக்க மலாய். "ஹுஜான் டத்தாங்!" என்றார். மழை வருகிறது என்று அவர் சும்மா சொன்னார். ஈரக்காற்றில் கஞ்சி தளர்ந்து, துவானின் காலர் கூட்டத்தின் நடுவில் வாழையிலை மாதிரி மடிந்து தொங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது கஞ்சி போட்டேன்.

"ஒரு தடவ போட்டாச்சுல்ல? விடுங்களேன்" என்றாள் பாக்கியம்.

விட்டுவிடத்தான் இருந்தேன். சைக்கிளில் போன சார்ஜன் இறங்காமலே, "காலரும் இடுப்பும் வெறைப்பா இருக்கணும்டா, அதைத்தான் பாப்பாங்க!" என்று கத்திவிட்டுப் போனார். மூன்றாவது கஞ்சி. இந்தத் தடவை கெட்டியாகக் காய்ச்சினேன்.

தேய்த்து முடித்துக் கோட்டைத் தரையில் வைத்தேன். அது நின்றது. உள்ளே ஆள் இல்லாமல், கைகளை லேசாக விரித்துக்கொண்டு, யாரையோ கைது செய்யப் போவது போல நின்றது.

"பாத்தியா, எப்படி நிக்குது!" என்றேன் பெருமையாக.

"நிக்குது, சரி. போட்டுக்கிறவர் மடங்குவாரா?"

இந்தக் கேள்வியை நான் காதில் வாங்கியிருக்கலாம்.

மறுநாள் காலை மெஸ்ஸுக்கு அதைக் கொண்டுபோனேன். தோளில் சாத்தி, பலகை தூக்குகிற மாதிரித்தான் தூக்க முடிந்தது. துவான் உடுத்தும் அறைக்கு என்னையும் கூப்பிட்டார் சார்ஜன். கைப்பகுதி ஒட்டிக்கொண்டிருந்தது. அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பிரித்தோம். காற்சட்டைக் கால்கள் படார் என்று சத்தம் போட்டுத் திறந்தன. பொத்தான் துளைகள் அடைத்துக்கொண்டதால் ஆணியால் குத்தினோம். எல்லாம் மாட்டி முடித்தபோது துவானின் முகவாய் காலரின் மேல் உட்கார்ந்திருந்தது. கம்பீரமாகத்தான் இருந்தார். அசைந்தால்தான் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. குனிய முடியாததால் காலில் சப்பாத்தைச் சார்ஜன்தான் மாட்டிவிட்டார்.

நான் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தேன். சார்ஜன் என் கையைப் பிடித்தார்.

"எங்கடா போற? இங்கயே சன்னல்கிட்ட நில்லு. கூட்டம் முடியட்டும்."

ஓடலாமா என்று யோசித்தேன். ஓடி எந்த மாநிலத்துக்குப் போவது? சுற்றியிருக்கிற அத்தனை மாநிலத்துப் போலீஸ் தலைவர்களும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் கூட்டம் நடக்கும் மண்டபத்தில் நீள மேசை. எல்லாரும் தங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று துவான் உட்காரக் காத்திருந்தார்கள். தலைவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம் என்பது வழக்கமாம். துவான் நாற்காலி வரை வந்தார். உட்காரப் பார்த்தார். முழங்கால் கொஞ்சம் வளைந்தது, கோட்டு வளையவில்லை. கீழ்விளிம்பு நாற்காலியில் முட்டி, கோட்டு முழுதாக மேலே ஏறி, காலர் அவர் வாயை மூடியது. பேச வேண்டிய தலைவரின் வாயை! அவர் நிமிர்ந்தார், கோட்டு இறங்கியது. இன்னொரு தடவை முயன்றார், இன்னொரு தடவை ஏறியது.

என் காதில் முக்கத்துச் சீனர் கடையின் இஸ்திரிப் பெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

துவான் நேராக நின்றார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்னண்ணே சொல்றாரு?"

"முக்கியமான விசயமாம். நின்னுகிட்டே பேசுவோம்ங்கிறாரு."

பேசினார்கள். வழக்கம்போலத் தகராறு தொடங்கியது. ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த வெள்ளைமீசைத் துரை ஒருவர்தான் எப்போதும் அதிகம் பேசுவாராம். என் எல்லை, என் அதிகாரம் என்று அவர் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு காலைத் தூக்கி மறு கால் மேல் தேய்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலியை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தார். துவான் அசையவில்லை. (அசைய வழியில்லை என்பது எனக்கும் சார்ஜனுக்கும் மட்டும் தெரியும்.) யார் பேசினாலும் முகத்தைத் திருப்பாமல், நேரே பார்த்தபடி, கேட்டுக்கொண்டே நின்றார். அவர் பிடிவாதமாக நிற்கிறார் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வெள்ளைமீசை திடீரென்று கையை உயர்த்தினார்.

"ஐயோ, என்ன ஆச்சுண்ணே?"

"ஒத்துக்கிட்டாருடா! எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க! இனிமே தொரத்துற போலீசு எல்லையில நிக்க வேணாம். நேரா உள்ள போய்ப் பிடிக்கலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்த முடிவின்படி பிடிபடப் போகும் முதல் ஆள் நான்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

துவான் வெளியே வந்து என் முன்னால் நின்றார். குனிந்து என்னைப் பார்க்க முடியாததால் என் தலைக்கு மேலிருந்த சுவரைப் பார்த்துத்தான் மலாயில் பேசினார்.

"கஞ்சி போட்டது யார்?"

"நான்தான், துவான்."

"எத்தனை தடவை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. விரலைக் காட்டினேன். சுவரிடம் காட்டினால்தான் தெரியும் என்று ஞாபகம் வந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

மூன்று விரலையும் எண்ணிப் பார்த்தார். பிறகு, "உனக்கு மனைவி இருக்கிறாளா?" என்றார்.

"இருக்கிறாள், துவான்."

"மெஸ் துணியை நீ எடுத்துக்கொள். கஞ்சியை மட்டும் அவள் போடட்டும்."

மொறுமொறுவென்று நடந்து போய்விட்டார். கோட்டைக் கழற்ற வெந்நீர் தேவைப்பட்டதாகச் சார்ஜன் பிறகு சொன்னார். அதை விசாரிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

மெஸ் துணி பல வருடம் எங்களிடமே இருந்தது. பிள்ளைகள் படித்தது அதில்தான். கஞ்சிச் சட்டிப் பக்கம் மட்டும் பாக்கியம் என்னை விட்டதே இல்லை. போலீஸ் உத்தரவாம். அதோடு, எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சோ காரியப் பேச்சோ இழுத்துக்கொண்டே போனால் பிள்ளைகள் எழுந்து நாற்காலிகளையெல்லாம் எடுத்து அடுக்கிவிடுவார்கள். சம்பந்தி வீட்டார் முன்னாலும் செய்திருக்கிறார்கள். பேச்சும் சட்டென்று முடிந்திருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாக்கியம் பின்னால் வந்து நிற்கிறாள். "காலைலேருந்து எழுதுறீங்க, இன்னும் முடியலையா? எந்திரிங்க" என்று நாற்காலியைப் பிடித்து இழுக்கிறாள். எழுந்துவிட்டேன். முடிந்துவிட்டது.