ஹார்ன் ஆன்டியின் அலமாரி

எங்கள் ஊர் ஸ்கூடாய் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஹார்ன் ஆன்டியைப் போல் இன்னொருவர் கிடைக்கமாட்டார். ஒருவேளை கிடைத்தால், தயவுசெய்து இருவரையும் ஒரே தெருவில் குடிவைக்காதீர்கள். காது தாங்காது!

பள்ளி வேன் ஓட்டுவது அவர் தொழில். பிரேக்கைவிட ஹார்னைத்தான் அதிகம் நம்புவார். எங்கள் பழைய தாமான் குடியிருப்பில் அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் வீட்டுக்காரருக்காவது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

மூடிக் கிடந்த சலவைக் கடை வாசலில் இரண்டு இரும்பு அலமாரிகளைப் போட்டு, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுக்க ஆரம்பித்தவரும் அவர்தான். அரிசி, எண்ணெய், சார்டின் மீன் டின், முட்டை எல்லாம் குவிந்தன. எடுக்கத்தான் ஒருவரும் வரவில்லை. நேர் எதிரே சாப்பாட்டுக் கடை. தே தாரிக் குடிக்கிற அத்தனை கண்களும் அலமாரி மேலேயே இருந்தால் யார் வருவார்கள்?

ஆன்டி ஒரு சட்டம் போட்டார். அந்தப் பக்கம் யார் வந்தாலும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். கொடுக்க வந்தவர்களும்தான்!

"டாக்டர்! கைய வீசிட்டு எங்க போறீங்க? தூக்குங்க பைய!"

"ஆன்டி, நான் அரிசி குடுக்க வந்தேன் லா!"

"குடுத்தாச்சுல்ல? இப்பத் தூக்குங்க. நீங்க வெறுங்கையோட போனா, பின்னால வர்ற பொண்ணு எப்படிப் பையோட போவும்?"

பெரிய காரில் வந்த டாக்டர் சார்டினோடும் மீ ஹூன் சேமியாவோடும் வீட்டுக்குப் போனார். தாமானே பை தூக்கியது! யாருக்குத் தேவை, யாருக்கு இல்லை என்று சாப்பாட்டுக் கடைக் கண்களுக்குப் பிடிபடவே இல்லை. "நாளைக்குக் காலைல திருப்பிக் கொண்டாந்துடணும்!" என்று எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கத்துவார். தேவைப்படுகிறவர்களைப் பார்த்து மட்டும், கத்தி முடித்ததும் கண்ணடிப்பார். 'இந்தச் சட்டம் உனக்கில்லை, பையை நீயே வைத்துக்கொள்' என்று அர்த்தம். ஒரு கண்ணை மட்டும் மூட அவருக்கு வராது. புளியங்காய் கடித்ததுபோல் முகம் முழுவதும் கோணும்.

என் கணவருக்கு, எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் பார்த்துவந்த வேலை போயிருந்த சமயம் அது. மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். நான் பால் போத்தலை இரண்டு முறை கொதிக்க வைத்துவிட்டு, போதுமா என்று நின்று யோசிக்கிற ரகம். அலமாரிக்குப் போகலாமா வேண்டாமா என்று அலமாரி வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன். தலையைக் குனிந்தபடி பையை வாங்கினேன். கத்தல் காதில் விழுந்தது. கண்ணடித்தது? குனிந்த தலைக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பையைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை! அடுத்த வாரம், பையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடப் போனேன். வாய் வரவில்லை, தலையும் நிமிரவில்லை. மறுபடியும் வாங்கினேன். வீட்டில் அரிசி டின்னின் அடி தெரிந்தது. மகளுக்குக் கஞ்சி வைத்ததுபோக எங்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும்தான். ஆனாலும் சட்டம் சட்டம்தானே? போதாததற்கு அந்தப் பையில் ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தது. பதறிப்போய்க் கடைக்கு ஓடி, ஒரே ஒரு முட்டை வாங்கி, அந்த இடத்தில் வைத்துத் திருப்பினேன்.

அந்த முட்டைதான் காட்டிக்கொடுத்தது. மற்றவை எல்லாம் பழுப்பு. என்னுடையது மட்டும் சின்னதாய், வெளிறிப்போய், கம்பத்து நாட்டுக்கோழி முட்டை. பையைப் பிரித்த ஆன்டி, கூடவே குழந்தை பிஸ்கட் இருப்பதைப் பார்த்திருக்கிறார். அதை எனக்கு மட்டும்தான் வைத்தாராம்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு எங்கள் கேட் முன்னால் "பாம்ம்ம்!" என்றது வேன். வரிசை வீடுகளின் திரைச்சீலைகள் எல்லாம் அசைந்தன. போச்சு, இனித் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று கேட்டைத் திறக்க ஓடினேன்.

தோளில் அரிசி மூட்டையும் கக்கத்தில் சார்டின் டின்னுமாக இறங்கிய ஆன்டி, கடைசி வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"ஏம்மா, ஒரு ஒதவி செய்யி! மூட்ட கிழிஞ்சி போச்சு. கிழிஞ்சத யாருக்கும் குடுக்க முடியாது. வீணாப் போவுது, நீ கொஞ்சம் ஆக்கித் தீத்துடேன்!"

என் வாய் சும்மா இருக்குமா? "ஆன்டி, நல்லாத்தானே இருக்கு?"

"அலமாக், ஐயோ! இருக்கா?"

வேன் சாவியால் மூட்டையின் ஓரத்தில் ஒரே இழுப்பு. அரிசி என் பாதத்தில் கொட்டியது.

"இப்பப் பாரு, கிழிஞ்சிருச்சுல்ல?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "இதத் திருப்பிக் கொண்டாந்தே, கொன்னுருவேன்."

அதோடு போயிருந்தால் அவர் ஹார்ன் ஆன்டி இல்லை. நேராகச் சமையலறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த அரிசியில் சோறு ஆக்கி, அவரே கொண்டுவந்த சார்டினில் காரமாய்ச் சம்பல் வைத்தேன். உப்புக் குறைச்சல் என்றார். பிள்ளைக்குச் சட்டை சின்னது என்றார். பிறகு தட்டை நீட்டி இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.

யாரையும் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அன்று எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.