லோரெய்ன் தூங்குகிறாள்

அரிசோனா,
பிப்ரவரி, செவ்வாய்.

மதிப்புக்குரிய மைத்துனர் கர்டிஸ் அவர்களுக்கு,

ரஸல் எழுதுவது. நான் நலம் என்று எழுதுவது மரபு, எழுதிவிட்டேன். உங்கள் முழங்காலும் நலமாக இருக்கட்டும்.

உங்கள் தங்கை லோரெய்னின் இறுதிச் சடங்கன்று, உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டாம் முறை போட்டுக்கொண்டே, "இவனாவது, தனியா அந்த வண்டிய ஓட்டறதாவது" என்றீர்கள். என் காதில் விழுந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் வீட்டு வண்டியை ஓஹையோவிலிருந்து இந்தப் பாலைவன முகாம் வரை ஓட்டிவந்தேன். ஓட்டுவது பெரிதல்ல, பின்பக்கமாக எடுத்து இடத்தில் நிறுத்துவதுதான் பாடு, ஒருவர் ஓட்ட ஒருவர் பின்னால் நின்று கை காட்ட வேண்டும், புது வண்டி வந்தால் முகாமே நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும், ஒரு பக்கம் ராட்சதக் கள்ளி, மறுபக்கம் தண்ணீர்க் குழாய், கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் யாருமில்லை, பழக்கதோஷம், ஜன்னலில் தலையை நீட்டி, "லோரெய்ன், இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கத்திவிட்டேன்.

வேடிக்கை பார்த்தவர்களில் மினசோட்டாக்காரர் டுவைட் எழுந்து வந்தார். "வீட்டம்மா தூங்கறாங்க போல. நான் பாக்கறேன், வாங்க சார். மெதுவா. அந்தக் கள்ளி உங்க தாத்தாவ விட மூத்தது, இடிச்சா சட்டப்படி உள்ள வச்சிடுவாங்க."

நான் மறுக்கவில்லை. அதுதான் வினை.

மாலையில் அவர் மனைவி பெவர்லி கோழி சூப்போடு வந்தாள். "அவங்களுக்கு உடம்பு முடியலையா?"

"தூங்கறா."

"எழுந்ததும் குடுங்க."

மறுநாளும் சூப். அவள் தூக்கம் கெடக்கூடாதென்று எதிர் வண்டிக்காரர் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். நாய்களைக்கூட என் பக்கம் வராமல் சுற்றி அழைத்துப் போகிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்து இருவர் சூப்பையும் குடித்து, இரண்டு கிண்ணங்களையும் கழுவி, "நல்லா இருந்துச்சுன்னு சொன்னா" என்று திருப்பிக் கொடுக்கிறேன். இத்தனை காலம் லத்தீன் கற்பித்தும் வராத சரளம் பொய்யில் வந்துவிட்டது. நேற்று பெவர்லி, "அவங்களுக்கு மிளகு பிடிக்குமா?" என்றாள். பிடிக்காது என்றேன். அது ஒன்றுதான் உண்மை. உள்ளே போய் உட்கார்ந்தவனால் வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

ஆகவே நீங்கள் சொன்னதே சரி. வந்து வண்டியை எடுத்துப்போய் விற்றுவிடுங்கள். அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் வாருங்கள், மறுநாள் ஞாயிறன்று எல்லோரும் கூடிச் சாப்பிடுவார்கள், லோரெய்னையும் அழைத்திருக்கிறார்கள்.

உங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். உங்கள் பசி என்றும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ரஸல்

பி.கு. தபால் பெட்டி பெவர்லியின் வண்டிக்கு அருகில்தான் இருக்கிறது. இதைப் போடப் போன வழியில் அவளிடம், "லோரெய்ன் போய்ப் பத்து மாசமாச்சு" என்று சொல்லிவிட்டேன். "தெரியும் சார். தூங்கற பொண்டாட்டிய உள்ள வச்சிட்டு யாரும் கதவ அப்படி அறைஞ்சு சாத்த மாட்டாங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்" என்றாள். பிறகு லோரெய்னைப் பற்றிக் கேட்டாள். அந்தி வரை சொன்னேன். வண்டியை எடுக்க வராதீர்கள். ஆனால் ஞாயிறன்று நீங்கள் வாருங்கள். அவள் சின்னப் பெண்ணாக எப்படி இருந்தாள் என்று கேட்கிறார்கள், அது எனக்குத் தெரியாது.