டாட்டாக்காரர் ஏறிய பஸ்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் டாட்டாக்காரர் கையாட்டாமல் ஒரு பஸ்கூடக் கிளம்பியதில்லை. இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். டிரைவர்களே அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு வத்தலக்குண்டில் உரக்கடை வேலை, திண்டுக்கல்லில் லாட்ஜ் வாசம். ஊரில் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. முதல் நாள் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், தேய்த்த வெள்ளைச் சட்டையும் மஞ்சள் பையுமாக ஒருவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "பாத்துப் போயிட்டு வா அப்பு" என்று கையாட்டினார். திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் யாருமே இல்லை.

அவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று கிடையாது. சின்னாளபட்டிச் சேலை மூட்டையோடு ஏறும் வியாபாரி, மருமகளோடு மல்லுக்கட்டிவிட்டுக் கிளம்பும் மாமியார், எல்லாருக்கும் டாட்டா உண்டு. ஒருமுறை ஒட்டன்சத்திரத்து அம்மாள் ஒருவரிடம், "போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு தாயி" என்றார்.

"ஏனுங்க, யாருக்குங்க போடறது?"

"யாருக்காச்சும் போடு."

இன்னொரு நாள், புதுப்பெண்ணை அனுப்ப வந்த கூட்டத்தில் கலந்து இவரும் தேம்பி அழுதார். மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பெண் வீட்டு ஆள் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும் நினைத்து ஆளுக்கொரு தாம்பூலப் பையைக் கையில் திணித்தார்கள். அழுகையை நிறுத்தாமலே இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

இப்படி இருக்கையில் பிக்பாக்கெட் தொல்லை தாங்கவில்லை என்று கடைக்காரர்கள் புகார் கொடுக்க, புது எஸ்.ஐ. ஒருவர் லத்தியோடு வந்து சேர்ந்தார். பஸ் ஏறுபவர், ஏற்றிவிட வந்தவர், கூட்டிப்போக வந்தவர், இவர்களைத் தவிர யாரும் நிலையத்தில் நிற்கக் கூடாது என்பது அவர் சட்டம். பிக்பாக்கெட்டுகள் உடனே பஸ் ஏறுபவர்களாக மாறிவிட்டார்கள். மாட்டியது டாட்டாக்காரர்தான்.

"யாரை ஏத்திவிட வந்தே?"

"எல்லாரையும்தாங்கய்யா."

"நக்கலா? வீட்ல கெடக்க வேண்டியதுதானே?"

"வீட்ல ரேடியோ மட்டுந்தாங்கய்யா இருக்கு. அது பேசுது. நான் பேசுறதக் கேக்க மாட்டேங்குது."

மஞ்சள் பையைக் கவிழ்த்தார்கள். ஒரு துண்டும் சீப்பும் விழுந்தன. "ஒண்ணு பஸ்ல ஏறு, இல்ல ஜீப்புல ஏறு. இனிமே இங்க சும்மா நின்னே, கேஸ்தான்" என்றார் எஸ்.ஐ.

டாட்டாக்காரர் நான் இருந்த பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரையே அனுப்பிவைத்த மனிதர் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கீழே முறுக்குக்காரரைத் தவிர ஒருவரும் இல்லை.

"நான் கெளம்புறதுன்னா ஒரு ஆளு இல்ல, பாத்தியா அப்பு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

எழுந்து இறங்கிவிட்டேன். முதலாளி திட்டினால் திட்டட்டும். ஜன்னலுக்குக் கீழே நின்று கை வலிக்கக் கையாட்டினேன். "வத்தலக்குண்டுல ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்லயே வந்துருங்க. நான் இங்கனயே நிக்கிறேன்."

"சும்மா நின்னா புடிச்சுருவாங்களே அப்பு!"

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அவர் கை ஆடிக்கொண்டே போனது. கையை உள்ளே எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் கத்துவது எனக்குக் கேட்டது.

அவர் சொன்னபடியே ஆயிற்று. மத்தியானம்வரை ஒரே தூணோரம் நின்ற என்னிடம் எஸ்.ஐ. வந்தார்.

"காலைலேருந்து பாக்குறேன். யாருக்காக நிக்கிறே?"

"எங்க பெரியப்பா வத்தலக்குண்டுலேருந்து வாராரு சார். கூட்டிட்டுப் போகணும்."

பஸ் வந்தது. கசங்கிய வெள்ளைச் சட்டை படியில் தெரிந்தது. எஸ்.ஐ. அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத காலைலயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். மறுநாளிலிருந்து டாட்டாக்காரர் என்னை ஏற்றிவிட வந்தவராகச் சட்டப்படி நின்றார். போகிற போக்கில் மற்றவர்களுக்கும் கையாட்டினார்.

அன்று படியை விட்டு இறங்கியதும் அவர் கேட்டது ஒன்றுதான். "இம்புட்டு நேரமாவா நிக்கிற? சாப்டியா அப்பு?"

அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சாப்பிட்டிருந்தேன். இல்லை பெரியப்பா என்றேன்.