தலைகீழாகத் தொங்கிய ராக்கெட்

பெண் பார்க்கப் போகும்போது பொய் சொல்லாத மாப்பிள்ளை உலகத்தில் கிடையாது. பெரும்பாலோர் சம்பளத்தில் சொல்வார்கள், சிலர் வயதில். நான் வீடியோ கேமில் சொன்னேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அம்மையார்குப்பத்தில் எங்களுக்குத் தறி. நான் மட்டும் தப்பித்து, அரக்கோணத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் எட்டு மாதமாக ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். (வீட்டில் இதற்குப் பெயர் 'டிவி மெக்கானிக்'.) அக்கா வீட்டுக்காரரான பாவா, திருத்தணியில் எனக்கு வசந்தா என்ற பெண்ணைப் பார்த்தார். அவள் அப்பா கோபால், மலையடிவாரத்தில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றை வைத்துக் கடை நடத்தினார். மெட்ராஸில் பல கை மாறி வந்த பழைய பெட்டி. காப்பித் தட்டோடு வந்த வசந்தாவைப் பார்த்ததுமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"நம்ம கடைப் பொட்டி மாதிரியெல்லாம் ரிப்பேர் பாப்பீங்களா தம்பி?" என்று கேட்டார் கோபால்.

"ஆங், நாலஞ்சு பாத்துகிறேங்க" என்றேன். (ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.)

யோசித்துப் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். பதில் வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் காலையில் ஆள்தான் வந்தது. பெட்டி படுத்துவிட்டதாம், நான் உடனே வரவேண்டுமாம்.

"பொட்டி ஓடினாதான் பொண்ணு" என்றார் பாவா. அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திருத்தணிக் கடைக்குப் போய்ப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன்.

திரையில் நட்ட நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. எனக்கு உயிர் வந்தது. டிவியில் பார்த்த கோளாறுதான். முதுகுப் பலகையைக் கழற்றி, கரண்ட்டை நிறுத்திவிட்டு ஆட்டிப் பார்த்தால், திரைக்குப் போகும் ஒரு வயர் விட்டிருந்தது. அதை மட்டும் அமுக்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் கோபால் பின்னாலேயே நின்றிருந்தார். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டால் நான் கெட்டிக்காரன் என்று எப்படி நம்புவார்?

"எல்லாத்தியும் கழட்டி சுத்தம் பண்ணணுங்க" என்றேன்.

நாற்பது வயர் இருக்கும். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய அட்டைத் துண்டு தொங்கியது. எவனோ வேலை தெரியாதவன் செய்தது என்று அத்தனையையும் பிய்த்துக் குப்பையில் போட்டேன். நான் நெசவுக்காரன் மகன். தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கும்போது சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை. இதில் அட்டை எதற்கு? நிறம் பார்த்து, மூன்று மணி நேரம், பட்டுச்சேலைக்குப் பிணைப்பது போலப் பிணைத்தேன். அவ்வளவு அழகான வேலையை அதற்குப் பிறகு நான் செய்ததேயில்லை.

சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது. தலைகீழாக வந்தது.

கீழே இருக்கவேண்டிய ராக்கெட் மேலே வௌவால் மாதிரி தொங்கியது. எதிரிகள் தரையிலிருந்து கிளம்பி வந்தார்கள். இடது பொத்தானை அமுக்கினால் ராக்கெட் வலதுபக்கம் ஓடியது. வெளியே காவடிக் கூட்டம் திரண்டுகொண்டிருந்தது. கிருத்திகைக் கூட்டத்தை நம்பித்தான் அந்தக் கடையே.

"உள்ள டிவியைத் தலைகீழா வெச்சுட்டா சரியாயிடுங்க" என்றேன். (சத்தியமாகச் சொன்னேன்.)

கோபால் வாசலில் திரளும் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கல்லாவில் இருந்த வசந்தா எழுந்து வந்து குப்பையை எட்டிப் பார்த்தாள். "நைனா, நான் கட்டின அட்டையெல்லாம் பிச்சுப் போட்டுகிறாரு" என்றாள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு எந்த வயர் எங்கே என்று எழுதிவைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து வந்து என் பக்கம் திரும்பினாள். "பழைய மெக்கானிக்கு கைக்குக் கெடச்ச வயரெல்லாம் போட்டுகிறாருங்க. கலர் பாத்தா ஒத்துவராது. நான் படிக்கிறேன், நீங்க மாட்டுங்க. மஞ்சளு, பச்சையில. பச்சை, மஞ்சள்ல."

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் தலை நிமிராமல் மாட்டினேன். நாற்பதும் முடிந்ததும் ராக்கெட் தரையில் நின்றது.

கோபால் தொண்டையைக் கனைத்தார். "நெசமா சொல்லுங்க தம்பி. இதுக்கு முன்னாடி எத்தினி பொட்டி பாத்துகிறீங்க?"

கல்யாணம் போயே போய்விட்டது என்று தெரிந்த பிறகு எதற்குப் பயம்? "இதாங்க மொதல்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை. பையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பாவாவிடம் சொல்ல வழியெல்லாம் புதுப் பொய் ஒன்றைத் தயார் செய்தேன்.

ஒரு வாரத்தில் சம்மதம் என்று சேதி வந்தது. எனக்கு நம்பிக்கையில்லை, பாவாவை இரண்டு முறை அனுப்பி விசாரித்தேன்.

கல்யாணம் ஆகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கதை வராத விசேஷம் எங்கள் குடும்பத்தில் இல்லை. சொந்தக்காரப் பெண்கள் யாராவது, "அவ்ளோ தெரிஞ்சும் எப்டி ஒத்துக்கினே?" என்று கேட்டால் வசந்தா அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்வாள்:

"கட்டிக்கினவரு ஒண்ணுந் தெரியாத ஆளுதான்னு உங்களுக்கெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சுது. எனுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, அவ்ளோதான்."