கூடைக்குள் விழுந்த ஞாயிற்றுக்கிழமை

ஏஷியாட் விளையாட்டு முடிந்த அடுத்த வருஷம், டெல்லிக் குளிர் தொடங்கிய ஒரு காலையில், பஞ்சு ரஜாய்க்குள் படுத்தபடியே நான் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடையது. பால் பூத்துக்குப் போக மாட்டேன். கோதுமை டின்னைத் தூக்கிக்கொண்டு சக்கிக்குப் போய் மாவு அரைத்து வர மாட்டேன். காலிஃப்ளவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புழு தேட மாட்டேன்.

சபதம் எடுத்த கையோடு எழுந்து பாலுக்குப் போனேன். விஷயம் அம்சவேணிக்கு இன்னும் தெரியாதல்லவா.

அம்சவேணி என் மனைவி. நான் கலியமூர்த்தி. கும்பகோணம் பக்கம் சொந்த ஊர், மத்திய சர்க்காரில் அசிஸ்டென்ட் உத்தியோகம், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் தரைத்தளத்து வீடு. வார நாட்களில் ஆபீசரைக் கண்டு பயப்படுவேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன். ஆக, என் பயத்துக்கு வார விடுமுறையே கிடையாது.

சபதத்துக்கு வழி காட்டியவன் என் அக்கா மகன். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தவன், போகும்போது சில பிளாஸ்டிக் தட்டுகளை விட்டுவிட்டுப் போனான். சாப்பிடும் தட்டு இல்லை, வீசும் தட்டு. அந்த ஊரில் இதை வைத்து கோல்ஃப் ஆடுகிறார்களாம். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் மாட்டிய கூடை. வீசிய தட்டு எங்கே விழுகிறதோ அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுகிறவன் ஜெயித்தான். ஒரு கூடை முடிந்தால் அடுத்த கூடை. ஆடி முடிக்க அரை நாள் ஆகும் என்றான். அந்த அரை நாள் என்ற வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

அன்று மாலையே அம்சவேணியிடம் போய் நின்றேன். முறத்தில் கோதுமையைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்சா, ஞாயித்துக்கிழமை காலையில நான் கோல்ஃப் ஆடப் போறேன்."

"எது, பெரிய ஆபீசருங்க தொப்பி போட்டுக்கிட்டு ஆடுறாங்களே, அதா?"

"அது பந்து. இது தட்டு."

"தட்டுன்னா இங்கேயே ஆடலாமே. சமையக்கட்டுல கழுவாம நிறைய கிடக்கு."

"கிண்டல் வேணாம். உடம்புக்கு நல்லது. ஆபீஸ் மாடிப்படி ஏறினா எனக்கு மூச்சு வாங்குது."

"கோதுமை டின்னோட ஏறிப் பாருங்க, பழகிடும்."

"இதோ பாரு, கழகம் ஆரம்பிச்சாச்சு. நான்தான் செயலாளர்."

"கழகமா? எந்தச் சின்னத்துல நிக்கிறீங்க?"

நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "தலைவர் யாரு தெரியுமா? எங்க அண்டர் செக்ரட்டரி மகாதேவன் சார்."

கல் பொறுக்கிய விரல் நின்றது. மகாதேவன் சார் எங்கள் ஆபீசில் எனக்கு மேலே, மேலே, அதற்கும் மேலே இருப்பவர். பக்கத்து பிளாக்கில்தான் வீடு. கோல்ஃப் என்று சொன்னதும் தட்டா பந்தா என்றுகூடக் கேட்காமல் தலைவர் பதவியை ஏற்றுக்கொண்டிருந்தார். என் பிரமோஷன் ஃபைல் அவர் மேஜையில் உறங்குவது அம்சவேணிக்குத் தெரியும்.

"அச்சா, போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். புருஷன்கள் அப்படி நினைக்கும் நேரம் பார்த்துத்தான் பூமி நழுவுகிறது.

கழகத்தின் முதல் ஆட்டம் மந்திர் மார்க்குக்குப் பின்னாலிருக்கும் ரிட்ஜ் காட்டில் நடந்தது. தலைவர், செயலாளர், மற்றும் பொதுமக்கள் சார்பில் எதிர்வீட்டு ஏகாம்பரம். கூடை இல்லாததால் மரத்தைக் குறி வைத்து வீசினோம். நான் வீசிய தட்டு மரத்தில் பட்டது. மரத்தின் மேலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. தட்டை எடுத்து முகர்ந்து பார்த்தது. உள்ளே ஒன்றும் பரிமாறவில்லை என்று கண்டதும் கோபம் வந்துவிட்டது அதற்கு. தலைவர் முன்னே ஓட, செயலாளர் பின்னே ஓட, பொதுமக்கள் எங்களுக்கெல்லாம் முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற எங்களுக்கு அம்சவேணி காபி கொடுத்தாள். மகாதேவன் சாருக்கு வெள்ளி டம்ளரில்.

"காட்டுல போய் எதுக்கு ஆடணும்?" என்றாள் என்னிடம், அவர் காதில் விழும்படி. "நம்ம குவார்ட்டர்ஸ் நடுவுல எவ்வளவு பெரிய புல்வெளி கிடக்கு."

"கூடை வேணுமே."

"என் மூங்கில் கூடையைத் தரேன்."

"ஒண்ணு போதாது. வரிசையா நிறைய வேணும்."

"ஒண்ணையே இடத்துக்கு இடம் தூக்கிட்டுப் போங்க. வெளியில விட்டுட்டு வந்தா இந்த ஊர்ல கூடை இருக்குமா? ஒவ்வொரு இடத்துலயும் யாரு அதிகமா வீசுறாங்களோ அவங்க தூக்கணும். எங்கெங்க வைக்கறதுன்னு நானே சொல்றேன். ஆடாதவங்க சொன்னாத்தானே நியாயமா இருக்கும்?"

"எக்ஸலண்ட், மிஸஸ் கலியமூர்த்தி" என்றார் மகாதேவன் சார். "கழகத்துக்கு நீங்கதான் நடுவர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் யோசனை ஒன்றுக்கு அவள் ஒத்தாசை செய்தது அதுவே முதல் தடவை. வாசல்படி இறங்கும்போது ஏகாம்பரத்திடம் சொன்னேன், "அம்சவேணி மாறிட்டா."

"செல்வியும் மாறிட்டா சார்" என்றார் அவர். செல்வி அவர் மனைவி. "காலையில என்னைப் பார்த்துச் சிரிச்சா. எனக்கு ஒரே பயமா இருக்கு."

அடுத்த ஞாயிறு. புல்வெளியில் பனி விலகவில்லை. கூடை தயாராக இருந்தது. அதற்குள்ளே கோதுமை டின் உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்கு?"

"காத்துல கூடை கவிழ்ந்துடக் கூடாதுல்ல. கனத்துக்கு வெச்சேன்."

"கனம் வேணும்னா செங்கல் வைக்கலாமே."

"தலைவர் தட்டு செங்கல்ல பட்டு உடைஞ்சா?"

தலைவர் பலமாகத் தலையாட்டினார். ஆட்டம் தொடங்கியது. முதல் கூடை புல்வெளியின் மூலையில், பால் பூத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. நான் வீசினேன். தட்டு வேலிக்குப் போனது. மறுபடி வீசினேன். தட்டு அதே வேலியின் மறுபக்கத்துக்குப் போனது. எல்லாரும் கூடைக்குள் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது நான் ஒரு சர்தார்ஜியின் ஸ்கூட்டருக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். அதிக வீச்சு நான். கூடை என் தலைக்கு வந்தது.

"தூக்கறதுக்கு முன்னாடி" என்றாள் நடுவர், "பக்கத்துலயே பூத் இருக்கு. பால் டோக்கனும் பாத்திரமும் கூடையில போட்டிருக்கேன். பாலையும் பிடிச்சு வெச்சுடுங்க. கனம் போதலை."

அடுத்த கூடை எங்கே என்று சொல்ல வேண்டுமா? சக்கி வாசலில். அதற்கடுத்தது காய்கறி விற்கும் சப்ஜிக்காரர் வண்டியருகே. அப்புறம் வேப்பமரத்தடி இஸ்திரிக்காரர். கடைசிக் கூடை எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில். எந்த இடத்தையும் தாண்டிப் போகக்கூடாது என்பது விதி. அந்த விதியை முதல் நாளே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தவன் செயலாளராகிய நானே.

சக்கிக்காரர் கோதுமையை மாவாக்கிக் கொடுத்துவிட்டு, "க்யா ஹுவா, பாபுஜி?", என்ன ஆயிற்று என்று இரக்கமாகக் கேட்டார். தலையில் சும்மாடு கட்டிய மத்திய சர்க்கார் ஊழியன் என்ன பதில் சொல்வது. "கோல்ஃப்" என்றேன்.

வீடு வந்ததும் கூடையை இறக்கினேன். பால், மாவு, காய்கறி, மடிப்புக் கலையாத சட்டைகள். வழக்கமாக இத்தனையும் வாங்கி வர மத்தியானமாகும். அன்று ஒரே சுற்றில் அதற்கு வெகு முன்னாலேயே முடிந்திருந்தது.

"அம்சா, இது அக்கிரமம்" என்றேன்.

"என்னங்க அக்கிரமம்? நீங்க கோல்ஃப் ஆடலையா?"

"ஆடினேன்."

"உங்க ஆபீசர் சந்தோஷமாப் போகலையா?"

போனார். கையில் ஒரு காலிஃப்ளவரோடு, வெகுநாள் கழித்துப் பசி எடுக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்.

இதற்குமேல் கழகச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறுவாரம் செல்வியும் தன் வீட்டுக் கோதுமையைக் கூடையில் கட்டினாள். அதற்கடுத்த வாரம் மிஸஸ் மகாதேவன். பிறகு மாடி வீட்டு சர்மாஜி குடும்பத்தோடு உறுப்பினரானார், அவர் பங்குக்குக் கடலைப்பருப்பும் மாவாக வேண்டியிருந்தது. தக்காளி மேல் தட்டு விழுந்தால் ஒரு வீச்சு அபராதம் என்று புது விதி வந்தது. கூடை சைக்கிள் கேரியருக்கு மாறியது. கழகம் வளர்ந்தது, கோதுமை வளர்ந்தது, என் ஆட்டம் மட்டும் வளரவில்லை. முன்பு ஒரு வீட்டுக்கு மாவரைத்தவன் இப்போது ஒரு பிளாக்குக்கே அரைத்தேன். வழி முழுக்க முணுமுணுத்தேன். அது ஒன்றுதான் என் சொந்த ஞாயிறாக மிஞ்சியிருந்தது.

இதற்கிடையில் பெண்களும் தட்டை எடுத்தார்கள். அம்சவேணி நடுவர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டே ஆடினாள். தோசை திருப்பும் மணிக்கட்டு அவளுக்கு. தட்டு அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. வீட்டில் எல்லாரும் கேட்பதுபோல.

எனக்கு ரோஷம் வந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் ஸ்வெட்டரோடு புல்வெளிக்குப் போய் இருட்டும்வரை வீசிப் பழகினேன். மார்கழி முடியுமுன் தட்டு வேலிக்குப் போவதை நிறுத்திக்கொண்டது. ஏகாம்பரத்தை ஜெயித்தேன். மகாதேவன் சாரிடம் மட்டும் மரியாதையாகத் தோற்றேன். பொங்கலுக்கு ஆண்டுப் போட்டி என்று அறிவித்த அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன்.

"போட்டியில நான் உன்னை ஜெயிச்சா என்ன தருவே?"

"என்ன வேணும்?"

"ஞாயித்துக்கிழமை. முழுசா. பால் கிடையாது, மாவு கிடையாது, கூடை கிடையாது."

"சரி."

இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "நீ ஜெயிச்சா?"

"எதுவும் வேணாம். போற வழியெல்லாம் முணுமுணுன்னு முணுமுணுக்கிறீங்களே, அது மட்டும் கூடாது. வாயை மூடிக்கிட்டுத் தூக்கணும்."

"சம்மதம்."

பொங்கலன்று குவார்ட்டர்ஸே கூடி நின்றது. சக்கிக்காரர்கூட கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கடைசியில் நானும் அம்சவேணியும் சமமாக நின்றோம். மிச்சம் தாழ்வாரத்துக் கூடை. நான் உள்ளே போட்டுவிட்டேன். அவளும் போட்டால் மறுபடி சமம். இரண்டு எட்டு வைத்தால் கூடையைத் தொட்டுவிடும் தூரத்தில் அவள் நின்றாள். வீசினாள். தட்டு கூடையைத் தாண்டி, செல்வி வெயிலில் போட்டிருந்த ரஜாய்மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் சாம்பியன். மகாதேவன் சார் மாலை போட்டார். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில்கூட நான் ஜெயித்ததில்லை.

"அந்தத் தூரத்துல அக்கா இடது கையாலேயே போடுவாங்களே" என்று செல்வி ஏகாம்பரத்திடம் சொன்னது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எப்படி அம்சா தவற விட்டே?"

"காத்து" என்றாள். அன்று இலைகூட அசையவில்லை.

அடுத்த ஞாயிறு விடிந்தது. என் ஞாயிறு. ஃபிளாஸ்கில் காபி ஊற்றி வைத்துவிட்டு, "எழுந்திருக்காதீங்க, நல்லா தூங்குங்க" என்று ரஜாயை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனாள். நான் தூங்கினேன். எழுந்தேன். காபி குடித்தேன். பேப்பர் படித்தேன். டெண்டர் நோட்டீஸ்வரை படித்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் காலைதான். இத்தனை நீளமான காலையை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்?

வெளியே ஒரே சிரிப்புச் சத்தம். ஜன்னலைத் திறந்தேன். மகாதேவன் சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, சர்மாஜி ஏதோ சொல்ல, அம்சவேணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பனிக்கு முக்காடு போட்டுக்கொண்டு, மூக்கு சிவந்து, அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. இந்தக் குளிர்காலம் பூராவும் ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் அவளும் சேர்ந்து நடந்திருக்கிறோம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன் டெல்லிக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவளோடு அரை நாள் சேர்ந்தாற்போல் நடந்ததில்லை. முணுமுணுத்த மும்முரத்தில் கவனிக்காமல் இருந்துவிட்டேன். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"என்னங்க, எழுந்து வந்துட்டீங்க?" என்றாள் அம்சவேணி.

"சும்மா. காத்து வாங்க."

"வாங்கிட்டீங்கல்ல, உள்ளே போங்க. குளிருது."

"நானும் ஆடறேனே."

"சாம்பியனுக்கு ஞாயித்துக்கிழமை லீவு. பேசி முடிச்ச விஷயம்."

"லீவை நானே ரத்து பண்ணிக்கிறேன்."

"அப்போ ஜெயிச்சவர் உரிமை போயிடும். தோத்தவங்க நிபந்தனைதான், வாயை மூடிக்கிட்டுத் தூக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க ஆபீசரும் கேட்டுக்கிட்டு இருக்காரு."

மகாதேவன் சார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏகாம்பரம் மட்டும் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார்.

"சம்மதம்" என்றேன்.

அம்சவேணி தன் தட்டை என் கையில் கொடுத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடினோம். நான் அவள் முகத்தைப் பார்த்தபடி வீசியதால் தட்டு பழையபடி வேலிக்குப் போனது. மகாதேவன் சார் நிம்மதிப் பெருமூச்சோடு சைக்கிளை என்னிடம் ஒப்படைத்தார். பிளாக்கின் அத்தனை வீட்டு மாவும், பருப்பும், பாலும், உருளைக்கிழங்கும் கேரியரில் ஏறியிருந்தன. சைக்கிள் கனத்தது, பயங்கரமாகக் கனத்தது. அதை உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.