தூங்குமூஞ்சி மரமும் இலை ஊதும் மிஷினும்

அடையாறு, சென்னை-20
24.10.1996

சிரஞ்சீவி மாப்பிள்ளை சாய்நாத்துக்கு, காந்தி நகரிலிருந்து உங்கள் மாமனார் ராஜகோபாலன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் மாமியார் தங்கமும் சௌக்கியம். வாசல் மரமும் இந்த நிமிஷம் வரை சௌக்கியம். அவ்விடத்தில் நீங்களும் மதுவந்தியும் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் இதைக் கொண்டுவாருங்கள், அதைக் கொண்டுவாருங்கள் என்று கேட்பது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆனாலும் மார்கழிக் கச்சேரிக்கு நீங்கள் இங்கே வரும்போது, இலையை ஊதித் தள்ளும் மிஷின் ஒன்று, நன்றாக உழைக்கக்கூடியதாகப் பார்த்து, கொண்டுவர வேண்டும். உங்கள் காசி யாத்திரைக்கு நான் குடையும் விசிறியும் வாங்கிக் கொடுத்தேன் அல்லவா, அந்த விசிறிக்குப் பதிலாகக் காற்றடிக்கும் மிஷின் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்துக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நேற்று லேசாகச் சொல்லிப் பார்த்ததற்கே, "அமெரிக்காலேருந்து வர்ற மாப்பிள்ளைகிட்டப் போய் யாராவது தொடப்பக்கட்டை கேப்பாளோ? நன்னாயிருக்கு உங்க மரியாதை" என்று உள்ளே போய்விட்டாள்.

விஷயம் இதுதான். நம் தூங்குமூஞ்சி மரம் உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் ரிசப்ஷனுக்கு வந்தவர்கள் பாதிப் பேர் அதன் அடியில்தான் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அது இப்போது மதில்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மொட்டைமாடி வரைக்கும் குடை பிடிக்கிறது. பக்கத்து வீட்டில் புதிதாக வந்திருப்பவர் ஜவஹர் என்று, திருநெல்வேலிக்காரர், பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், வீட்டுக்கும் வெள்ளை டிஸ்டம்பர். அப்பேர்ப்பட்ட மனிதர் தலையில் நம் மரம் காலையில் இலை, சாயங்காலம் பூ, நடுவில் பிசுக்கென்று ஒட்டும் காய் என்று கொட்டினால் அவர்தான் என்ன செய்வார். போன மழையில் அவர் மாடிக் குழாய் இலையால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கி, கீழே பூஜை அறையில் ஒழுகியிருக்கிறது. நேராக வந்தார். "சார்வாள், நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடப் பிடாது. பொங்கலுக்குள்ள இந்த மரத்த எடுத்துருங்க. இல்லேன்னா நான் கார்ப்பரேசன்ல எழுதிக் குடுக்க வேண்டியது வரும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார், நானும் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

சரி, வீட்டுக்குள் ஆதரவு இருக்குமென்று திரும்பினால், தங்கம் அவர் கட்சி. வேலைக்காரி இந்த இலையைக் கண்டுதான் நின்றுவிட்டாள் என்பது தங்கத்தின் வாதம். "கார்த்தால பெருக்கினா பத்து மணிக்கு மறுபடி கொட்டிண்டிருக்கு. கோலம் போட எடமில்லே. பேசாம வெட்டிடுங்கோ" என்கிறாள். இதற்கு நான் என்ன சொல்வது? ரிட்டயராகி வீட்டோடு இருக்கும் மனிதனுக்குக் காலையில் உட்கார ஓர் இடம் வேண்டாமா? பேப்பரை எடுத்துக்கொண்டு நாற்காலியை அதன் அடியில் போட்டு உட்கார்ந்தால் எனக்கு ஆபீஸ் போன மாதிரி இருக்கிறது. எனக்கு அந்த மரம் வேண்டும் மாப்பிள்ளை, அவ்வளவுதான், அதற்குமேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இப்படி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான், மதுவந்தி அனுப்பிய பார்சலில் கண்ணாடிக் கிண்ணம் உடையாமலிருக்கச் சுருட்டி வைத்திருந்த விளம்பரத் தாள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரர் தும்பிக்கை வைத்த மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அவருக்கு எதிரே இலைகள் எல்லாம் தாமே எழுந்து ஓடுகின்றன. அடடா, நம் கஷ்டம் தெரிந்து செய்திருக்கிறானே என்று அந்தத் தாளையும் கையில் பிடித்துக்கொண்டு ரிச்சி தெரு முழுக்க அலைந்தேன். ஒரு கடையில் டேபிள் ஃபேனைக் காட்டினான், இன்னொரு கடையில் முடி உலர்த்துவதை எடுத்து என் வழுக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிட்டான். கடைசியில் ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் ஷரஃபுதீன்தான் தாளை வாங்கிப் பார்த்து, "இன்னா சார், காத்துதானே வோணும்? இதுக்கா இம்மாந்தூரம் பேஜாராயிக்கினு கீறே? ஆயுத பூசைக்குள்ள அடிச்சிக் குட்துர்றேன்" என்றார். சொன்னபடியே பழைய மோட்டார் ஒன்றைத் தகர டப்பாவுக்குள் வைத்து, முன்னால் புனல் மாதிரி அகலமாக ஒரு வாய் வைத்து, பூஜைக்கு முதல் நாள் கொடுத்துவிட்டார். அன்றைக்கே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். தங்கம் விடவில்லை. புது ஆயுதம் வந்தால் பூஜையில் வைத்துத்தான் தொட வேண்டுமாம்.

வைத்தாள். மதுவந்தியின் வீணைக்கும் என் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவில் மிஷினை வாய் மேலே பார்க்கும்படி நிறுத்தி, சந்தனம் இட்டு, கழுத்தில் கதம்பம் சுற்றி, ஒரு பொட்டலம் அர்ச்சனைக் குங்குமத்தை அப்படியே அதன் வாயோரத்தில் சாய்த்துவிட்டாள். இதெல்லாம் பரவாயில்லை, நான் பார்த்தேன். நான் பார்க்காதது, மற்றவைக்கெல்லாம் நைவேத்யம் ஆச்சே, புதுசாக வந்தது மட்டும் பட்டினியா என்று பொரி, கடலை, உடைத்த வெல்லம் எல்லாம் கலந்து இரண்டு கை நிறைய அதன் வாய்க்குள் போட்டது. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மிஷினை வாசலுக்கு எடுத்து வந்து, ஒயரைச் செருகி, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, ஜவஹர் வீட்டு வாசலிலும் அங்கே நின்ற அவர் கார் மேலும் விழுந்திருந்த நம் இலைகளைத்தான் முதலில் தள்ள வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு அந்தப் பக்கம் திருப்பினேன். ஜவஹர் அப்போதுதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கடைப் பூஜைப் பிரசாதத்தைத் தட்டில் வைத்து எனக்குக் கொடுப்பதற்காக வந்துகொண்டிருக்கிறார். ஸ்விட்சைத் தட்டினேன். ஐயோ மாப்பிள்ளை, குங்குமம் புகையாகப் போய் அவரை மூடிற்று, பின்னாலேயே பொரி, அதற்கும் பின்னால் கடலை சட்சட்டென்று. புகை விலகியபோது மனிதர் தீமிதித்துவிட்டு வந்தவர் மாதிரி தலையிலிருந்து வேட்டி வரை செக்கச்செவேலென்று நிற்கிறார், தட்டை மட்டும் விடவில்லை. திட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அது என்னவென்று தெரிந்துவிட்டது. அர்ச்சனைக் குங்குமத்தைத் தட்டிவிடவும் முடியாது, விஜயதசமியும் அதுவுமாக அதை வைத்துத் திட்டவும் முடியாது. சட்டையிலிருந்து ஒரு விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு, "நல்லா இருங்க சார்வாள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அந்த 'நல்லா இருங்க' என்பதை மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், வேறு அர்த்தம்தான் வருகிறது. பொங்கல் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார் போலிருக்கிறது.

மிஷின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உள்ளே போன வெல்லம் சூட்டில் உருகிப் பாகாகி, காற்றாடியைப் பிடித்துக்கொண்டு, கமகமவென்று அதிரசம் வேகும் வாசனையோடு நின்றுவிட்டது. ஷரஃபுதீன் பிரித்துப் பார்த்துவிட்டு, "நைனா, மிசினுக்குப் போய் வெல்லம் குட்த்துகீறியே, அது இன்னா உன் பேரப்புள்ளயா?" என்று கேட்டார். இப்போது அதில் எறும்புதான் வேலை செய்கிறது.

ஆனாலும் நான் நம்பிக்கையை விடவில்லை. ஊதிய அந்தக் கொஞ்ச நேரத்தில் அது ஊதிற்று, அதை மறுக்க முடியாது. உழைக்கிற மிஷின் ஒன்று மட்டும் கையில் இருந்தால் தினம் காலையில் அவர் வாசலையும் மாடியையும் நானே சுத்தம் செய்து கொடுத்து மரத்தைக் காப்பாற்றிவிடுவேன். ஆகையால் மாப்பிள்ளை, கரண்ட்டில் ஓடுவதாகப் பாருங்கள், ஆனால் நம்மூர்க் கரண்ட்டுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள், மதுவந்தி கொண்டுவந்த மிக்ஸி செருகியதும் புகைந்தது ஞாபகமிருக்கட்டும். கனம் வேண்டாம், என் தோள் தாங்காது. வீணைச் சத்தத்தை மீறிக் கத்தக் கூடாது. வாய் சின்னதாக இருக்கட்டும், பொரி போகாத அளவு. வருஷா வருஷம் சந்தனம் குங்குமம் பூசினால் தாங்குமா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவருக்குப் புரியாவிட்டால் மழை என்று சொல்லுங்கள். பெட்டியில் இடம் இல்லையென்றால் எனக்குக் கொண்டுவரும் ஸ்வெட்டரை எடுத்துவிடலாம், அடையாற்றில் அதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போக.

கபாலீஸ்வரர் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். பிளேனில் பார்த்துப் பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
ராஜகோபாலன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். காலையில் கதவைத் தட்டி ஜவஹர் வந்தார். மரத்துக்கு நாள் குறிக்க வந்துவிட்டார் என்றே நினைத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மெதுவாக, "சார்வாள், அன்னைக்கு அந்த மிசினு... என் கார் மேல கெடந்த எலை பூராம் ஒரே ஊதுல போயிட்டு, பாத்தியளா? கடையில உக்காந்தாலும் அதே நெனப்பா இருக்கு. ஒரு தரம் நான் புடிச்சுப் பாக்கட்டுமா?" என்றார். செத்துப்போன மிஷினைக் கொடுத்தேன், எறும்பைத் தட்டிவிட்டுக் கையில் வாங்கி, மரத்தைப் பார்த்து இப்படியும் அப்படியும் திருப்பினார். விளம்பரத் தாளைக் காட்டினேன். நீங்கள் வருவதையும் சொல்லித் தொலைத்துவிட்டேன். "ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க. கரண்டு வேண்டாம், பெட்ரோல்ல ஓடுததாச் சொல்லுங்க. கனமா இருக்கட்டும், நான்லா தூக்கப் போறேன். பத்து வருசமாவது உழைக்கணும் சார்வாள்" என்றார். பொங்கலுக்குள் வெட்ட வேண்டிய மரத்துக்குப் பத்து வருஷம் உழைக்கிற மிஷின் எதற்கு என்று நான் கேட்கவில்லை. உள்ளேயிருந்து தங்கம், கேட்காமலேயே, அவருக்கு முதல் டிகாக்ஷனில் காபி கொண்டுவந்து வைத்தாள்.