ஆடை மேஸ்திரி

ஒருத்தனுக்கு வேலை மேல எம்புட்டு ஆசை இருக்குன்னு அளக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஒலகத்துலயே ஒருத்தருதான். தொள்ளாயிரத்து எம்பத்தஞ்சு வாக்குல அருப்புக்கோட்டைல எங்க நூல் மில்லுல மேஸ்திரியா இருந்தாக. ஆடை மேஸ்திரிம்போம். மில்லுல ஓடுனது வெறும் நூலுதான். ஆடைங்கிறது டீ மேல படியிறது.

டீ வந்து கொஞ்ச நேரங்கழிச்சு ஒவ்வொரு கிளாஸா எட்டிப் பாப்பாக. ஆடை படிஞ்சிருந்தா அவனுக்கு வேலை மேல உசுரு. காலியா இருந்தா டீ மேல உசுரு. அதவச்சுத்தான் யாரப் பெர்மனன்ட் பண்ணலாம்னு ஆபீஸ்ல சொல்லுவாக.

அந்தக் கணக்குல மொத ஆளு நான்தான். எங்கூரு பரளச்சில மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன். வேலைல புலின்னு நெனச்சிராதீக. எனக்குக் கடவாப்பல்லு சொத்தை. சூடா ஒரு மடக்குக் குடிச்சா உச்சி மண்டை வரைக்கும் சுண்டி இழுக்கும். டீய ஆற வச்சுட்டு, தாடையப் பிடிச்சுக்கிட்டு மிஷினையே பாத்துக்கிட்டு நிப்பேன். எனக்கு வலி, அவுக கண்ணுக்கு அது தவம். பல்லுவலி அண்ணாச்சின்னு சொல்லியும் பாத்தேன். பய அடக்கத்தப் பாருங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாக.

நெசமான வெறி அவுகளுக்குத்தான். வீட்ல அவுக சம்சாரம் தலை வாரயில முடி அறுந்தாக்கூட நூல் இழைன்னு எடுத்து ஒட்டப் பாப்பாகன்னு மில்லுல பேச்சு.

சூப்பர்வைசர் வேலை காலியாச்சு. அது ஒண்ணுக்குத்தான் அவுக அத்தன வருசமும் காத்துக்கிட்டிருந்தாக. புதுசா வந்த மேனேஜரு இந்த டீ அளவக் கேள்விப்பட்டு, அதவச்சே ஆளெடுப்போம்னு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. டீயத் தன் கையாலயே எடுத்து நீட்டிட்டு, மிஷினப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு.

பெரிய மனுசன் கையால குடுத்தத அப்படியே கீழ வைக்கலாமா? சூட்டுல கண்ணுல தண்ணி வர, மேஸ்திரி ஒரே மடக்குல குடிச்சிட்டாக. எனக்குத்தான் பல்லு விடலயே. என் கிளாஸுல தோசை கனத்துக்கு ஆடை.

மேனேஜரு ரெண்டையும் பாத்தாரு. "உங்க அளவுதான மேஸ்திரி?"

நான் அவசரமா வாயப் பெருசாத் தொறந்து சொத்தப்பல்லக் காட்டுனேன். சந்தோசத்துல சிரிக்கிறேன்னு நெனச்சு அவரும் சிரிச்சாரு.

மேஸ்திரி என் கிளாஸையே பாத்துக்கிட்டிருந்தாக. "ஆமா சார். அளவு சரிதான்"னாக.

மறுநா எனக்குக் கீழ வேலைக்கு வந்தாக. அவுக டீ ஆடை கட்டிக் கெடந்துச்சு.

"இன்னைக்காச்சும் சூடாக் குடிங்க அண்ணாச்சி."

"இழை அறுந்து கெடக்குலே. மொதல்ல அதப் பாரு."

ரிட்டயர் ஆகுற வரைக்கும் மேஸ்திரியாவேதான் இருந்தாக.

இப்ப என் வாயில பல்லே இல்ல. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கலாம். ஆனா ஆடை கட்டாத டீய எடுக்கக் கை வரமாட்டேங்குது.